எண்ணெய் குடிக்காத லாரி

எண்ணெய் குடிக்கிற லாரியைப் பற்றி எந்த டிரைவரைக் கேட்டாலும் நாள் முழுக்கப் புலம்புவான். எண்ணெய் குடிக்காத லாரியால் வேலை போகும் நிலைக்கு வந்தவன், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். இதைச் சொன்னால் இப்போதும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த மாதங்களில் மண்டை காய்ந்தது எனக்குத்தான்.

யுத்த காலம் அது. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்துவிட்டது. கரி வாயுவில் ஓட்ட, பஸ்களுக்கெல்லாம் பின்னால் கரி அடுப்பைக் கட்டிவிட்டார்கள். கண்டக்டர்கள் மூக்கெல்லாம் கரியாகத் திரிந்தார்கள். எங்கள் முதலாளி மட்டும் லாரிக்கு அடுப்புக் கட்டச் சம்மதிக்கவில்லை. அவர் கொல்லிமலை அடிவாரத்தில் மிளகும் கொட்டமுத்தும் மொத்தமாக வாங்கிச் சேலத்துக்கு அனுப்புகிற பாய். ஆமணக்கு விதையைத்தான் எங்கள் பக்கம் கொட்டமுத்து என்போம். "எண்ணெய் வித்து மூட்டைய ஏத்திட்டு அதுக்குப் பக்கத்துலயே அடுப்பையும் மூட்டுவாங்களா? கிடைக்கிற பெட்ரோல்ல ஓட்டு, அது போதும்" என்று சொல்லிவிட்டார். அவருக்கு இருந்தது ஒரே லாரி. அதற்கு நான் ஒரே டிரைவர். கிளீனராக இருந்தவன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதால், முன்னால் நின்று ஹேண்டில் போட்டு எஞ்சினைக் கிளப்புவதும் நான், ஓடிப்போய் ஏறி உட்கார்ந்து ஓட்டுவதும் நான்.

மலைக்கு அப்போது வண்டி ஏறும் பாதை கிடையாது. மலைமேல் இருக்கிற வாழவந்தி நாட்டுக்காரர்களும் பைல் நாட்டுக்காரர்களும் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கல்லும் வேருமான ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் பேளுக்குறிச்சி சந்தைக்கு வருவார்கள். சந்தைக்கு வெளியே புளியமரத்தடியில் முதலாளி தராசைத் தொங்கவிட்டிருப்பார். எடை போட்டது நேராக லாரியில் ஏறும்.

என் ஓட்டுதலைப் பற்றி நானே பெருமையாகப் பேசக்கூடாதுதான். ஆனாலும் பேசுவேன். பெட்ரோலை மிச்சம் பிடிப்பதில் அந்த வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. அடிவாரத்துச் சரிவில் எஞ்சினை அணைத்துவிட்டு லாரியைத் தானாக உருளவிடுவேன். எதிரே மாட்டுவண்டி வருவது தூரத்தில் தெரிந்ததுமே காலை எடுத்துவிடுவேன். பிரேக்கை மிதிப்பது, எரித்த பெட்ரோலை மறுபடி தரையில் கொட்டுவதற்குச் சமம் என்பது என் கட்சி. மேட்டுக்கு வருவதற்கு முன்பே வேகத்தைச் சேர்த்துக்கொண்டு, பாதி மேட்டில் கியர் மாற்றும் அவமானம் இல்லாமல் ஏறிவிடுவேன். மற்ற டிரைவர்கள் என்னைப் பார்த்து, "பாயோட லாரி பொணம் தூக்கிட்டுப் போற மாதிரி போகுது" என்று கேலி செய்வார்கள். மாதக் கடைசியில் அவர்கள் லாரிகள் ஷெட்டில் தூங்கும்போது என்னுடையது ஓடிக்கொண்டிருக்கும்.

பெட்ரோல் விஷயத்தில் இப்படி. எஞ்சின் எண்ணெய் விஷயத்தில்தான் என் ஜம்பம் எடுபடவில்லை. பழைய லாரி. வாரா வாரம் முதலாளியிடம் ஒரு சின்ன டின் எண்ணெய் வாங்கி ஊற்றியாக வேண்டும். அதை அப்படியே குடித்துவிட்டு நீலப் புகையாக விட்டுக்கொண்டு வரும். யுத்தத்தில் அந்த எண்ணெயும் அரிதாகிவிட்டது. ஒரு சந்தை நாளில் டின் வந்து சேரவில்லை. எஞ்சினில் எண்ணெய் எவ்வளவு என்று காட்டும் எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தால் நுனியில்கூட ஒட்டவில்லை. அந்த நிலையில் கிளப்பினால் எஞ்சின் இறுகி நின்றுவிடும். நான் மாட்டேன் என்றேன். முதலாளி, லாரி கிளம்பாத நாளில் எடை போடுவதில்லை என்றார். ஒருமுறை மரத்தடியில் மூட்டைகள் நனைந்து முளைவிட்டுப் போனதிலிருந்து அவர் வைத்திருந்த விதி அது. அன்று வானமும் கருத்திருந்தது.

மலைக்காரர்கள் லாரியைச் சுற்றி நின்றார்கள். வாழவந்தி நாட்டுப் பெண் ஒருத்தி, வயது நாற்பது இருக்கும், கணவனோடு வந்திருந்தாள். அவள்தான் கேட்டாள்.

"ஏனுங்க, வண்டிக்கு ஒடம்பு சரியில்லீங்களா?"

எரிச்சலில் இருந்தேன். "எண்ணெய் வேணுமாம் இதுக்கு! பழசாயிப் போச்சுங்க. வாரா வாரம் எண்ணெய் குடிச்சாத்தான் நகரும். இல்லீன்னா இப்படித்தான் படுத்துக்கும்" என்றேன்.

அவள் லாரியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எல்லோரும் மூட்டைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு, இறங்கிய மலையைத் திரும்ப ஏறப் போனார்கள். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த சந்தைக்கு டின் வந்தது, ஊற்றினேன், ஓடியது. அதற்கு அடுத்த வாரம் வழக்கம்போல எண்ணெய்க் கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தேன். எண்ணெய் குறையவில்லை. சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்து மறுபடி பார்த்தேன். கம்பியில் கீறியிருந்த கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதற்கடுத்த வாரமும் அப்படியே. லாரி புகைத்துக்கொண்டுதான் இருந்தது; ஆனால் உள்ளே குறையவில்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டுமே! யோசித்துப் பார்த்ததில் காரணமும் கிடைத்துவிட்டது. நான் உருட்டி உருட்டி ஓட்டுகிறேன், எஞ்சின் பாதி நேரம் அணைந்து கிடக்கிறது, பிறகு எண்ணெய் எப்படிக் குறையும்? முதலாளி நீட்டிய டின்னை வாங்காமல், "இனிமே இது வேண்டாமுங்க மொதலாளி. எல்லாம் ஓட்டற விதத்துல இருக்குதுங்க" என்று மீசையைத் தடவிக்கொண்டு சொன்னேன்.

முதலாளி டின்னைக் கீழே வைத்தார். என்னையே பார்த்தார். "லாரி அதே லாரி. ரோடும் அதே ரோடு. இத்தனை வருஷமா வாராவாரம் டின் வாங்கிட்டுப் போனியே, அதெல்லாம் எங்க போச்சு?" என்றார்.

"குடிச்சுதுங்க."

"இப்ப?"

"குடிக்கலீங்க."

"ஓட்டற விதம்கிறே. அப்ப இத்தனை நாள் ஏன் அந்த விதமா ஓட்டலை?"

அவர் கெட்ட மனிதர் அல்ல. என் மனைவிக்கு உடம்பு முடியாதபோது தன் வீட்டுக் குதிரைவண்டியைப் பூட்டி அனுப்பியவர். ஆனால் அந்த நாளில் எஞ்சின் எண்ணெய் கிடைக்காமல் ஊரே அலைந்தது. ஒரு டின்னை மறைவாகக் கொடுத்தால் வாங்க ஆள் வரிசையில் நின்றது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பேன். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் கேள்வியில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் ஒரு சொட்டும் எடுக்கவும் இல்லை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

சேலத்து மெக்கானிக்கிடம் கேட்டேன். "பிஸ்டன் ரிங்கெல்லாம் தானா உக்காந்துருச்சு. சில வண்டிக்கு அப்படி அதிர்ஷ்டம் வரும்" என்றான். அடுத்த தடவை அவனே, "பெட்ரோல் எஞ்சினுக்குள்ள கீழ இறங்கி எண்ணெயோட கலக்குது. அதான் குறைஞ்சது தெரியலை. பக்கத்துல பீடி குடிச்சுராத" என்றான். அதிர்ஷ்டம் என்று போன தடவை சொன்னாயே என்றால், "அது போன தடவை" என்றான். கம்பியில் ஒட்டிய எண்ணெயை முகர்ந்து பார்த்தேன். கொட்டமுத்து வாசம் அடித்தது. லாரி முழுக்க, என் சட்டை, என் தலைமுடி எல்லாம் கொட்டமுத்து வாசம்தான். அதில் என்ன தெரியும்? காலையில் ஹேண்டில் போடும்போது முன்னைவிட இறுகிக் கையைக் கடித்தது. பனிக்காலம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் சொன்னால் என் மனைவிக்கு ஒரே சிரிப்பு. "வண்டிகூடக் குடிய உட்டுருச்சு. அதுக்கா ஒப்பாரி வெக்கறீங்க?" என்றாள். பிறகு விஷயம் புரிந்ததும் சிரிப்பு நின்றது. "பேசாம டின்ன வாங்கி ஊத்துன மாதிரி காட்டிப்போடுங்க. சந்தேகம் போயிரும்" என்றாள். எடுக்காத எண்ணெய்க்காக இனிமேல் எடுக்க வேண்டுமா? அவளிடம் கத்திவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தேன்.

அப்போதுதான் எனக்கு அந்த அபார யோசனை வந்தது. லாரியை எண்ணெய் குடிக்க வைத்துக் காட்டிவிட்டால் போயிற்று! மிச்சம் பிடித்து ஓட்டினால் குறையவில்லை, அப்படியென்றால் தாறுமாறாக ஓட்டினால் குறைய வேண்டும் அல்லவா? என் பழக்கத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்தேன். சரிவில் எஞ்சினை அணைக்கவில்லை. மேட்டில் சின்ன கியரில் போட்டு அலறவிட்டேன். மாட்டுவண்டிக்குப் பின்னால் ஒட்டிப்போய் பிரேக் அடித்தேன். ராசிபுரத்துப் பக்கம் ஒரு டிரைவர் நிறுத்தி, "ஏனுங்ணா, ஊட்ல ஏதாச்சும் பிரச்சினைங்களா?" என்று விசாரித்தான். பின்னால் புகை மண்டியது. ஒவ்வொரு மிதியும் என் சொந்தச் சோற்றை நாய்க்குக் கொட்டுகிற மாதிரி இருந்தது.

பெட்ரோல் கண்டபடி செலவானது. வாரம் முடிந்து சந்தையைத் தாண்டி வந்து எண்ணெய்க் கம்பியைப் பார்த்தால், கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அந்தக் கம்பியை உடைத்துப் போடலாமா என்று வந்தது.

இப்போது முதலாளிக்கு இரண்டு கேள்விகள் ஆயின. எண்ணெய் ஏன் குறையவில்லை, பெட்ரோல் ஏன் குறைகிறது. அவர் சத்தம் போடவில்லை. "கூப்பன் குடுக்கிற ஆபீஸ்ல என்னைக் கேக்கிறாங்க. உனக்குப் பெட்ரோல் எதுக்கு இவ்வளவுன்னு. நாளைக்குக் கூப்பனை நிறுத்திட்டா நான் கடையை மூடணும். உன்னைத் திருடன்னு சொல்ல எனக்கு நாக்கு வரலை. அடுத்த சந்தை முடியறதுக்குள்ள எனக்குப் புரியற மாதிரி ஒண்ணு சொல்லு. இல்லேன்னா ஹேண்டிலை என் கையில குடுத்துட்டுப் போ" என்றார்.

ஹேண்டிலைக் கொடுப்பது என்றால் எங்கள் தொழிலில் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் எடுத்தவன் என்ற பெயரோடு இறக்கிவிடப்பட்டவனை அந்தக் காலத்தில் வேறு யாரும் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். ஒருவேளை நானே எடுத்துவிட்டு மறந்துவிட்டேனோ என்றுகூட ஒரு மத்தியானம் உட்கார்ந்து யோசித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தை நாள் வந்தது. புளியமரத்தடியில் லாரியை நிறுத்தினேன். வழக்கமாக மூட்டை ஏறும் நேரத்தில் நான் டீக்கடைப் பக்கம் போய்விடுவேன். அன்று டீ இறங்கவில்லை. ஹேண்டிலைக் கொடுப்பதற்கு முன்னால், உள்ளே இருக்கிற எண்ணெயை ஒருமுறை வெளியே வடித்துக் கண்ணால் பார்த்துவிடுவது என்று, தகரச் சட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு லாரிக்கு அடியில் புகுந்தேன். மல்லாந்து படுத்து, வடிக்கும் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன்.

பக்கத்தில் நாலு கால்கள் வந்து நின்றன. மலை ஏறி இறங்கி வெடித்த கால்கள். எனக்கு மேலே பானெட்டின் பக்கத் தகடு மெல்லத் திறந்தது. ஒரு பெண்ணின் குரல், எஞ்சினிடம் பேசியது.

"இந்தா கண்ணு. குடிச்சுக்க. அவசரமில்ல, மெதுவாக் குடி."

கழுத்து குறுகிய பாத்திரத்திலிருந்து வருகிற குளுக் குளுக் சத்தம் கேட்டது. நான் ஸ்பேனரைப் போட்டுவிட்டு உருண்டு வெளியே வந்தேன். முன்பு ஒருநாள் வண்டிக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்ட அதே வாழவந்தி நாட்டுக்காரி, எஞ்சின் வாயில் சுரைக்குடுக்கையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கணவன் தகட்டைத் தூக்கிப் பிடித்திருந்தான். குடுக்கையிலிருந்து இறங்கியது விளக்கெண்ணெய். கொட்டமுத்தை வறுத்து இடித்துக் காய்ச்சி எடுத்த கெட்டி எண்ணெய்.

"என்ன பண்றீங்க!" என்று கத்தினேன். கத்தியதில் தராசடியில் இருந்த முதலாளி எழுந்து வந்துவிட்டார்.

அவள் பயப்படவில்லை. கடைசிச் சொட்டு விழும்வரை குடுக்கையை எடுக்கவும் இல்லை. "எங்கூட்டு முறைங்க இன்னைக்கு" என்றாள்.

"என்ன முறை?"

கணவன்தான் சொன்னான். "அன்னைக்கு நீங்கதான சாமி சொன்னீங்க, எண்ணெய் குடிச்சாத்தான் நகரும்னு. மேல போயி எல்லாரும் கூடிப் பேசுனோமுங்க. உழுகற மாட்டுக்கு மூங்கிக் கொழாயில எண்ணெய் ஊத்தறதில்லீங்களா? இதுவும் நம்ம சொமையத்தான தூக்குது. ஒரு சந்தைக்கு ஒரு ஊடுன்னு முறை வெச்சுட்டோம். நீங்க எந்த வாயில ஊத்துவீங்கன்னு முன்னாலயே பாத்து வெச்சிருந்தோமுங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

அவள் என்னை விவரம் தெரியாதவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "ஊரார் மாட்டுக்குக் குடுத்தத மாட்டுக்காரருகிட்ட வாய்விட்டுச் சொல்வாங்களா? சொன்னா அது ஒடம்புல ஒட்டாதுங்க."

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் குடுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது, அதே சமயம் அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் கையில் இருந்த தகரச் சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கெண்ணெய் நல்ல எண்ணெய்தான். ஆனால் எஞ்சின் எண்ணெயோடு சேராது, சூட்டில் பிசினாகிவிடும். பிற்பாடு சேலத்தில் பிரித்தபோது அடியில் வெல்லப்பாகு மாதிரி அப்பிக் கிடந்தது. அவர்களிடம் நிறுத்தச் சொன்னபோது, முறை வராத வீட்டுக்காரர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். எங்கள் வீட்டு எண்ணெய் என்ன தாழ்ந்துபோயிற்றா என்று. கடைசியில், சக்கரத்துக்கு மேலே இருக்கிற இரும்புப் பட்டைகளுக்கு ஒரு கரண்டி தடவினால் போதும், சுமை தாங்குவது அதுதான் என்று சொல்லிச் சமாளித்தேன். அது பொய்யும் இல்லை.

அன்றைக்கு நடந்ததை இன்னும் முடிக்கவில்லை. முதலாளி அந்தப் பெண்ணிடம் கேட்டார். "ஏம்மா, மண்ணெண்ணெய்தான் எங்கயும் கிடைக்கிறதில்லையே. மலையில விளக்குக்கு இந்த எண்ணெயைத்தானே ஊத்துறீங்க?"

"ஆமாங்க."

"அப்ப முறை வந்த வீட்டுல விளக்கு?"

"ஏத்தறதில்லீங்க" என்றாள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல. "பொழுதோட தின்னுபோட்டுப் படுத்துக்குவோம். வண்டி நின்னு போனா மூட்டையத் தூக்கிட்டுத் திரும்ப மலை ஏறோணுமுங்களே."

முதலாளி கடைக்கு ஆள் அனுப்பித் தன் வீட்டுக்கு என்று வைத்திருந்த மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்துவரச் சொன்னார். அவள் வாங்கவில்லை. முறைக்குக் கொடுத்ததற்குப் பதில் வாங்கும் வழக்கம் இல்லை என்றாள். அவர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். பிறகு அதை மரத்தடியில் வைத்துவிட்டு, லாரி ஏணியில் சாய்ந்திருந்த ஹேண்டிலை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். "வண்டியை எடு" என்றார்.

எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. இத்தனை வருஷம் சோறு போட்ட மனிதரிடம் என் வாய்ச்சொல் போதவில்லையே என்ற கோபம். அவருக்காக என்றால் அன்று அந்த ஹேண்டிலை வாங்கியிருக்க மாட்டேன். ஆனால் எடை போட்ட மூட்டைகள் ஏறியிருந்தன. விளக்கேற்றாமல் பொழுதோடு சாப்பிட்டுப் படுத்தவர்கள் லாரி நகர்கிறதா என்று பார்க்க வரிசையாக நின்றார்கள். எஞ்சினில் அந்த வாரத்து எண்ணெய் இருந்தது. வடிக்க மனம் வரவில்லை. வாங்கினேன். முன்னால் போய் ஹேண்டில் போட்டேன். கையைக் கடித்தது, பிறகு கிளம்பியது. பின்னால் புகை வந்தது, கொட்டமுத்து வாசத்தோடு. "நல்லாக் குடிக்குது" என்று அவள் கணவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

தாறுமாறாக ஓட்டிய அந்த வாரத்தில் மேட்டில் சின்ன கியரில் அலறவிட்டு நான் எரித்தது யார் வீட்டு விளக்கோ. அன்று சேலம் போய்ச் சேரும்வரை பெடலை அழுத்த என் காலுக்குக் கூசியது. சரிவு வந்த இடத்திலெல்லாம் எஞ்சினை அணைத்து உருளவிட்டேன். மூச்சையும் பிடித்துக்கொண்டு ஓட்டினேன் என்று நினைக்கிறேன். எவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்று திரும்பி வந்ததும் முதலாளி கேட்கவில்லை.